நாலு பேரில் ஒருவர்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
28 அக்டோபர் 1918

அன்பு மிக்க பூரணம் அக்காவுக்குத் தம்பி கனகலிங்கம் எழுதுவது.

நான் இவ்விடம் சுகம். கிள்ளான் பக்கத்துச் செய்தி காதில் விழும்போதெல்லாம் உங்கள் இருவரையும்தான் நினைக்கிறேன். இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் பாதி வீடுகளின் கதவு திறப்பதில்லை. இந்த விஷக்காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் முகம் நீலம் பாரிக்கிறது, அதன் பிறகு அதிக நேரமில்லை என்கிறார்கள். அத்தான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸராக இருப்பதால் தினமும் நோயாளிகளைத் தொட வேண்டியவர். கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

சுகாதாரக் கந்தோரில் எனக்கு இப்போது ஒரே வேலை. தோட்டங்கள் அனுப்பும் வாரத் தாள்களைப் பிரித்து, காய்ச்சலில் எத்தனை பேர் படுத்தார்கள், யார் யார் இறந்தார்கள் என்று பதிவேட்டில் ஏற்றுகிறேன். உங்கள் ஆத்தங்கரைத் தோட்டத்தின் தாளும் என் மேசைக்குத்தான் வருகிறது. அத்தானின் ஆங்கில எழுத்து என்ன அழகு! முதல் வாரம் மூன்று சாவு, அடுத்த வாரம் நாலு, பிறகு ஒன்று. போன வாரம் சுழியம். பார்த்ததும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

உங்கள் ஊரில் மட்டும் எப்படி இத்தனை சீக்கிரம் அடங்கியது? அத்தான் என்ன மருந்து கொடுக்கிறார்? எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி,
கனகலிங்கம்

*

ஆத்தங்கரைத் தோட்டம், கிள்ளான்
2 நவம்பர் 1918

அன்புள்ள தம்பி கனகுவுக்கு அக்கா ஆசி கூறி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. அத்தான் சுகம். நானும் சுகம். நீ வெந்நீர் குடி, கந்தோர் விட்டதும் நேரே வீட்டுக்குப் போ.

நீ மருந்து கேட்டிருந்தாய். புதிதாக ஒன்றும் இல்லை.

இங்கே நடப்பது ஒன்றை எழுதுகிறேன். சாவு விழுந்தால் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பறை அடிப்பார்கள் அல்லவா? போன மாதம் காலையும் மாலையும் அதே சத்தம். இருபதாம் தேதிக்குப் பிறகு பறை கேட்கவில்லை. எனக்கும் முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு, என் பின்கட்டுக்குக் கஞ்சி வாங்க வரும் மாரியாயியிடம் கேட்டேன். அவள் புருஷனையும் மகளையும் பறிகொடுத்தவள். "அடிக்கிறவன் ரெண்டு பேரும் போயிட்டாங்கம்மா, யாரு அடிக்கிறது?" என்றாள்.

இன்னொன்று. விடியும்போது, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் வாசிக்கிறான். என் அடுப்படியில் நின்றாலே கேட்கும். ஒவ்வொரு பெயருக்கும் "இருக்கேன் சாமி" என்று பதில் வருகிறது. நேற்று பக்கிரிசாமி என்று கூப்பிட்டான். அதற்கும் பதில் வந்தது. பக்கிரிசாமியைப் பாயில் சுருட்டி எடுத்துப் போனதை முந்தாநாள் நானே என் வாசலிலிருந்து பார்த்தேன், தம்பி.

மாரியாயியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. பெயர் வெட்டுப்பட்டால் அந்த வீட்டு அரிசி நிற்கும், மிச்சமிருப்பவர்களைக் காட்டோரக் கொட்டகைக்குத் தள்ளிவிடுவார்கள், அதனால் பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுக்கிறார் என்றாள். காரணம் விளங்குகிறது. ஆனாலும் அந்தக் குரல் பக்கிரிசாமியின் குரலைப் போலவே இருந்தது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பூரணம்

*

பிரிக்பீல்ட்ஸ்
5 நவம்பர் 1918

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் கடிதத்தைக் கந்தோரில் வைத்து வாசித்தேன்; வாசித்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். பக்கிரிசாமி என்ற பெயர் எந்தத் தாளிலும் இல்லை. இரண்டாம் தேதி முடிந்த வாரத்தின் தாளும் வந்துவிட்டது. சுழியம்.

அத்தானைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. லயத்தார் அவரிடம் மறைக்கலாம். ஆனால் நான் இங்கே எழுதும் எண்ணைப் பார்த்துத்தான் மருந்தும் ஆளும் அரிசியும் எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். சுழியம் போட்ட தோட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

ஒரு உதவி செய்யுங்கள். அத்தானிடம் கேட்காமல், அவர் தாளைப் பார்க்காமல், போன மாதத் தொடக்கத்திலிருந்து இறந்தவர்களில் உங்களுக்கே நேராகத் தெரிந்த பெயர்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். கிணற்றடியில் கேட்டது, வாசலில் பார்த்தது, எதுவானாலும். ஊகம் வேண்டாம்.

தம்பி,
கனகலிங்கம்

*

ஆத்தங்கரைத் தோட்டம்
10 நவம்பர் 1918

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மழை விடாமல் பெய்கிறது.

நீ கேட்ட பெயர்களைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். ஏழாவதாக எழுதியிருக்கும் பெண் இரண்டு மாதத்துக்கு முன்பு என்னிடம் தையல் ஊசி இரவல் வாங்கியவள்.

இதை அத்தானுக்குச் சொல்லவில்லை. அவர் இப்போது லயத்துக்குள் போவதில்லை. லயத்துக்கு முன்னால் உள்ள பாலத்தடியில் நின்று கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார். வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது. சாப்பிடும்போது தலையை நிமிர்த்துவதில்லை.

எழுத்து அழகென்று இனி எழுதாதே.

பூரணம்

*

பிரிக்பீல்ட்ஸ்
13 நவம்பர் 1918

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமாயிருக்க வேண்டும் என்பது வழக்கத்துக்கு எழுதும் வார்த்தை அல்ல இன்று.

உங்கள் பன்னிரண்டு பெயரையும் அத்தானின் தாள்களில் உள்ள எட்டுப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் இருப்பவர்கள் மூன்று பேர்தான். நீங்கள் அறிந்த பன்னிருவரில் மூவர், அதாவது நாலு பேரில் ஒருவர் மட்டுமே அத்தானின் தாளுக்கு வந்திருக்கிறார். நீங்கள் அறியாதவர்களுக்கும் அதே விகிதம் என்று கொண்டால், அவருடைய எட்டு உண்மையில் முப்பத்திரண்டு. தாளில் ஏறாதவர்கள் இருபத்துநாலு பேர்.

அந்த இருபத்துநாலில் ஒன்பது பேரை உங்களுக்குத் தெரியும். மீதிப் பதினைந்து பேர் உங்கள் பட்டியலிலும் இல்லை, அவர் தாளிலும் இல்லை. பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஆனால் இருக்கிறார்கள். கணக்கைப் போட்டு முடித்ததும் என் அறையில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. எழுந்து போய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இதை மேலிடத்தில் சொன்னேன். எங்கள் டாக்டர் துரை, ஒரு கிளாக்கரின் ஊகம் போதாது, டிரெஸரின் கையெழுத்தோடு தாள் வரவேண்டும் என்றுவிட்டார். அத்தானிடம் சொல்லுங்கள் அக்கா. காலைப் பிடித்துக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கனகலிங்கம்

*

பிரிக்பீல்ட்ஸ்
2 டிசம்பர் 1918

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. முதலில் பயந்தேன். ஆனால் தாள்கள் வருகின்றன, அதனால் நீங்கள் நலம் என்று எண்ணிக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நவம்பர் இருபத்துமூன்றாம் தேதித் தாளைப் பிரித்தேன். அந்த வாரச் சாவு ஒன்பது. அதற்குக் கீழே, 'முன்பு விடுபட்டவர்கள்' என்று இருபத்தைந்து பெயர்கள். நான் இருபத்துநாலு என்று எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? இப்படிக் கிட்டத்தட்டச் சரியாக வந்ததில் பெருமை வரவில்லை. உங்கள் ஒன்பது பேரும் அதில் இருக்கிறார்கள். முப்பதாம் தேதித் தாளில் ஏழு. ஒவ்வொன்றுக்கும் பெயர், வயது, லயத்து எண், படுத்த நாள், இறந்த நாள். இத்தனை சுத்தமான தாளை வேறு எந்தத் தோட்டமும் அனுப்பியதில்லை.

தோட்டத் துரையின் கோபத்துக்கு அஞ்சாமல் இதைச் செய்த அத்தானை நான் தவறாக நினைத்திருந்தேன். அவர் சுகம்தானே?

கனகலிங்கம்

*

ஆத்தங்கரைத் தோட்டம்
6 டிசம்பர் 1918

அன்புள்ள தம்பிக்கு,

எழுத நேரம் இருக்கவில்லை. நானும் மாரியாயியும் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கஞ்சி காய்ச்சுகிறோம். அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகுகிறது. இருபத்துமூன்று பேர் கிடக்கிறார்கள்.

அத்தானைக் கேட்டிருந்தாய். அவருக்கு இப்போது காய்ச்சல் இல்லை. அமைதியாக இருக்கிறார்.

துரை தாளைப் பார்ப்பதில்லை. பங்களாக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கங்காணியோடு பேசுகிறார். தாளை மாட்டுவண்டிக்காரரிடம் கொடுத்துக் கிள்ளான் ஸ்டேஷன் தபாலில் சேர்த்துவிடுகிறோம்.

ஆள் அனுப்பச் சொல். கொயினா மருந்து அனுப்பச் சொல். அரிசியும்.

பூரணம்

*

பிரிக்பீல்ட்ஸ்
9 டிசம்பர் 1918

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி. டாக்டர் துரை வரும் பதினாறாம் தேதி திங்கட்கிழமை அங்கே நேரில் வருகிறார். இரண்டு டிரெஸர்கள், மருந்து, அரிசி எல்லாம் கூட வரும். அத்தானின் தாள்களை மேசையில் பரப்பி வைத்து, "இந்த மனிதனின் கையைக் குலுக்க வேண்டும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அத்தானைக் கொஞ்சம் சவரம் செய்து வெள்ளைக் கோட்டோடு நிற்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
கனகலிங்கம்

*

ஆத்தங்கரைத் தோட்டம்
12 டிசம்பர் 1918

தம்பி,

இதை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

அத்தான் நவம்பர் பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தவறிப்போனார்.

முதலில் இன்னொன்றைச் சொல்லவேண்டும். தாள்கள் தொடக்கத்திலிருந்தே என் எழுத்து. அவருடைய கை எழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கும், மிஷன் பள்ளியில் படித்தவள் நான்தானே. அவர் சொல்லுவார், நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். சாவு கூடினால் நோய்த் தடுப்பென்று தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள், ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும் என்று தோட்டத் துரை மிரட்டிய நாள், "பூரணம், சுழியம் போடும். நாளைக்குப் பார்ப்பம்" என்றார். நான் போட்டேன். அடுத்த வாரமும் போட்டேன். நீ தேங்காய் உடைத்த சுழியம் என் கை போட்டது.

உன் கணக்குக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாள் லயத்துக்குள் போனார். பதினாறாம் தேதி படுத்தார். பதினேழாம் தேதி காய்ச்சல் தலைக்கேறியது. அப்போது பெயர்கள் சொல்லத் தொடங்கினார். கங்காணி பெரட்டில் வாசிப்பதுபோல் ஒரே சீராக, ஒரு பெயர், சற்று நிறுத்தம், அடுத்த பெயர். யாரோ பதில் சொல்லக் காத்திருப்பவரைப்போல் நிறுத்தினார். நான் தாளை எடுத்து எழுதினேன். இருபத்தாறு பெயர். முன்பு தாளில் ஏற்றிய எட்டுப் பேரில் ஒருவர்கூட அவர் வாயில் வரவில்லை. ஏற்றாதவர்கள் மட்டும். அவர் எல்லாரையும் அறிந்துதான் இருந்திருக்கிறார், தம்பி.

அந்தப் பட்டியலோடு லயம் லயமாகப் போய் விசாரித்தேன். இருபத்தைந்து பேர் செத்தது உண்மை. இருபத்தாறாவது பெயர் மாரியாயி. என் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெயரை விரலால் மறைத்தேன். கடைசிப் பெயர் யாருடையது என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"என்னையும் சொல்லிட்டாரா அய்யா? சரி, இருக்கட்டும். செத்தவங்களோட எண்ணி முடிச்சவளுக்கு இனிமே என்னம்மா பயம்?"

அன்றிலிருந்து யாரும் தொடாத பிணத்தை அவள் தொடுகிறாள். அத்தானையும் அவள்தான் இன்னும் மூன்று பெண்களோடு தூக்கினாள். கொட்டகைக்குப் பின்னால் வரிசையில் வைத்தோம். அவர் போனது வெளியே தெரிந்தால் தோட்டத் துரை கணக்கு எழுதும் கிராணியைக் கொண்டு தாள் எழுதுவிப்பார், மறுபடி சுழியம்தான் வரும். அதனால் அவர் பெயரைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்தைப் பழகினேன். இருபத்துமூன்றாம் தேதித் தாளில் எல்லாரையும் எழுதினேன், அவரை எழுதவில்லை. எழுதினால் கையெழுத்துப் போட ஆளில்லையே.

திங்கட்கிழமை டாக்டர் துரைக்கு நான் எந்தக் கையை நீட்டுவது?

அக்கா

*

ஆத்தங்கரைத் தோட்டம்
18 டிசம்பர் 1918

அன்புள்ள தம்பிக்கு,

நீ பதில் எழுதவில்லை. கோபித்திருப்பாய், அல்லது அழுதிருப்பாய். நான் சுகமாகவே இருக்கிறேன்.

டாக்டர் துரை வந்தார். கொட்டகை வாசலில் நின்று, "டிரெஸர் எங்கே?" என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினேன், முடிக்கவில்லை. மாரியாயி முன்னால் நடந்தாள். "வாங்க துரை, இங்கதான் இருக்காரு" என்று அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனாள். மழையில் மண் இறங்கிய மேடுகளுக்கு நடுவே ஒன்றைக் காட்டினாள்.

துரை தொப்பியைக் கழற்றினார். மேட்டைப் பார்த்தார், அது புதிய மேடு அல்ல என்பது தெரிந்துவிட்டது. பையிலிருந்து தாள்களை எடுத்தார்.

"இதை எழுதியது யார்?"

"நான்."

"கையெழுத்து?"

"அதுவும் நான்தான்."

தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு, "நவம்பர் கடைசி இரண்டு வாரத்தில் எத்தனை பேர்?" என்றார். பதினாறு என்றேன். பட்டியலைப் பிடித்துக்கொண்டு மேடு மேடாக நடந்தார். ஒவ்வொன்றிலும் நாங்கள் நட்ட குச்சியில் பெயர்த்துணி கட்டியிருக்கிறது, அந்த இரண்டு வாரத்து மேடுகளை மாரியாயி காட்டக் காட்ட அவரே எண்ணினார். பதினாறு வந்தது. அதற்குப் பிறகு பதினேழாவது மேட்டில் நின்று, "இவர்?" என்றார். "என் கணவர். அவரை நான் எழுதவில்லை" என்றேன்.

என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. டிரெஸர்கள் இருவரையும் விட்டுப் போயிருக்கிறார். அரிசி வந்தது. பெரட்டுக் களத்தில் நின்று, பெயர் வெட்டினாலும் அரிசி வெட்டப்படாது என்று தோட்டத் துரையைக்கொண்டே சொல்ல வைத்தார். மறுநாள் காலை கங்காணி வாசித்தபோது பாதிப் பெயர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றேன். அன்றுதான் அத்தானுக்காக அழுதேன்.

பூரணம்

*

பிரிக்பீல்ட்ஸ்
4 ஜனவரி 1919

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் கண்டு இரண்டு நாள் கந்தோருக்குப் போகவில்லை. கோபமில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அத்தானின் சாவுக்கு ஒரு பிடி அரிசி போடக்கூட நான் வரவில்லையே.

டாக்டர் துரையின் அறிக்கை என் மேசைக்கு வந்தது. 'உண்மையான எண்களைத் தவறாமல் அனுப்பிய டிரெஸர் பாலசுந்தரம் கடமையில் இருக்கும்போது இறந்தார்' என்று எழுதியிருக்கிறார். இறந்த நாள் டிசம்பர் பதினைந்து. அப்படிப் போட்டால்தான் தாள்கள் செல்லும். பதிவேட்டில் அதை ஏற்ற வேண்டியவன் நான். என் கையாலேயே அத்தானை இருபத்தாறு நாள் உயிரோடு வைத்தேன். உங்கள் பெயர் எந்த இடத்திலும் இல்லை.

மாத முடிவில் உங்களைத் தோட்டத்துக் குவார்ட்டர்ஸை விடச் சொல்வார்கள். இங்கே வந்துவிடுங்கள். அறை சிறியது, ஆனால் உங்களுக்கு அது போதும்.

ராஜ்ஜியம் முழுவதற்கும் கூட்டுத்தொகை போடுகிறேன். வரும் எண்களைப் பார்க்கும்போது, நாலால் பெருக்குவதா, பத்தால் பெருக்குவதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு விதமாக மறைக்கிறது. உங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் பத்து வாரமாகச் சுழியம் அனுப்புகிறது. சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியம்தான். அதை வேண்டுமென்று உங்களுக்கு எழுதவில்லை, மனதில் இருந்ததை எழுதினேன்.

கனகலிங்கம்

*

ஆத்தங்கரைத் தோட்டம்
13 ஜனவரி 1919

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். இங்கே காய்ச்சல் அடங்கிவிட்டது. உன் அறைக்கு வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

நேற்று காலை நானும் மாரியாயியும் வாய்க்கால் பலகைப் பாலத்தைத் தாண்டி, நீ எழுதிய அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனோம். வாசலில் காவல்காரர் மறித்தார். "இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா, போயிட்டு வாங்க" என்றார். மாரியாயி, "தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போறோம் அண்ணே" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டாள்.

கிணற்றடியில் உட்கார்ந்தோம். இருபது கதவுள்ள லயம். அந்த நேரத்துக்கு இருபது வீட்டிலும் புகை எழவேண்டும். ஆறு வீட்டில்தான் எழுந்தது. நாங்கள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெண் குடத்தோடு வந்தாள். பெயர் தங்கமணி, வயது இருபதுக்குள் இருக்கும். குடத்தைக் கீழே வைத்து, என் மடியில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"பேரு எழுதுறவங்களா நீங்க? இம்புட்டு நாளா காணோமே."

எங்களைப் பற்றி அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் தலையசைத்தேன். அவள் சொல்லத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள். யாரும் அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. தம் வீட்டுப் பெயர்களைச் சொல்லிவிட்டு, குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். நாற்பத்தொரு பெயர். இதனுடன் வைத்திருக்கிறேன். டாக்டர் துரையிடம் இந்த முறை என் பெயரைப் போட்டே கொடு, கையெழுத்தும் என்னுடையதுதான்.

கிளம்பும்போது தங்கமணி மறுபடி வந்து என் முந்தானையைப் பிடித்தாள். கை கொதித்தது.

"அம்மா, நாப்பத்திரெண்டாவதா தங்கமணின்னு எழுதிக்கோங்க."

"நீதான் உயிரோடு நிற்கிறாயே, பிள்ளை."

"எனக்கப்புறம் வீட்டுல சொல்ல ஆளு இல்லம்மா. இப்பவே எழுதிக்கோங்க."

நான் எழுதவில்லை. எழுதமாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். கொயினாவும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு இப்போது அங்கே போகிறோம். மாரியாயி வாசலில் நிற்கிறாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பட்டியல் நாற்பத்தொன்றாகவே இருக்கவேண்டும் என்று நீயும் வேண்டிக்கொள்.

உன் அக்கா,
பூரணம் பாலசுந்தரம்